கூட்டுக்குள் புழு கரைந்து போவதில்லை

குளவி ஒரு புழுவைத் தூக்கிக்கொண்டு போய், மண்கூட்டில் அடைத்துவைத்து, கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே குளவியாக்கிவிடும் என்று நம் ஊரில் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். குருவின் பெருமையைப் பேச வரும் சொற்பொழிவாளர்கள் இன்றும் இந்த உவமையை விடுவதில்லை. வெறும் கற்பனை என்று அதைத் தள்ளிவிட முடியாது. பார்த்ததை வைத்துச் சொன்ன கதை அது. ஜன்னல் சட்டத்தில் குளவி மண் உருட்டி வந்து கூடு கட்டுகிறது. பச்சைப் புழுவைத் தூக்கி வந்து உள்ளே வைக்கிறது. வாயை மண்ணால் பூசி மூடுகிறது. சில வாரம் கழித்து உள்ளேயிருந்து குளவி வருகிறது. கண்ணால் கண்டவர்கள் வேறென்ன முடிவுக்கு வந்திருக்க முடியும்?

கூட்டை நடுவில் உடைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். உள்ளே குளவியின் முட்டையும் இருக்கும். குளவி கொட்டியது புழுவை அசையவிடாமல் முடக்கிவைக்க. செத்துப்போனால் அழுகிவிடும் அல்லவா. முட்டையிலிருந்து வரும் குளவிக்குஞ்சும் ஒரு புழுதான். அது அந்தப் பச்சைப் புழுக்களைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, பிறகு குளவியாக வெளியே வருகிறது. தின்னப்பட்ட புழுவோ, உயிரோடு விட்டிருந்தால் ஓர் அந்துப்பூச்சி ஆகியிருக்கும்.

ஒரு புழு என்னவாக வேண்டும் என்பதை வெளியிலிருந்து யாரும் அதற்குக் கொடுப்பதில்லை. அது முட்டையிலேயே அதனிடம் இருக்கிறது. இதில் என்னை அதிகம் வியக்கவைப்பது இன்னொன்று. மாறுவதற்கு வேண்டியதெல்லாம் உடம்புக்குள் இருந்தும், புழு மாறாமல் புழுவாகவே இருப்பதற்கு ஒரு ரசாயனம் தேவைப்படுகிறது. ‘இப்போது வேண்டாம்’ என்று அது தடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தத் தடை விலகும்போதுதான் உருமாற்றம் நடக்கிறது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்று நான்கு படத்தை வட்டமாகப் போட்டு, இடையிடையே அம்புக்குறி வைத்திருப்பார்கள். அந்த அம்புக்குறிகளுக்குள்தான் விஷயமே இருக்கிறது.

இதைப் பட்டுப்புழுவை வைத்துப் பார்ப்பது நல்லது. உருமாற்றம் பற்றி மனிதர்கள் தெரிந்துகொண்டதில் பெரும்பங்கு அதன் உடம்பிலிருந்தே கிடைத்தது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமோ தாளவாடிப் பக்கமோ ஒரு புழு வளர்ப்பு மனைக்குள் போய் நின்றால் அத்தனையையும் கண்ணாலேயே பார்க்கலாம்.

முட்டையிலிருந்து வரும்போது பட்டுப்புழு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளம்; கறுத்து, மயிர் மயிராக, எறும்பைப் போலத் தெரியும். எடை அரை மில்லிகிராம்கூடத் தேறாது. மூன்றரை, நான்கு வாரத்தில் அது 4, 5 கிராம் எடையுள்ள, விரல் நீளப் புழுவாகிவிடுகிறது. அதாவது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. மனிதக் குழந்தை மூன்று கிலோவில் பிறந்து அதே விகிதத்தில் வளர்ந்தால் முப்பதாயிரம் கிலோவில் வந்து நிற்கும். புழுவின் வாழ்க்கையே தின்பதற்காக அமைந்தது. அதிலும் கடைசிப் பருவத்தில் தின்னும் மல்பெரி இலைதான், வாழ்நாள் முழுக்கத் தின்பதில் ஐந்தில் நான்கு பங்கு. அந்த நாட்களில் மனைக்குள் நின்றால் புழுக்கள் இலை கடிக்கும் சத்தம் தகரக் கூரையில் தூறல் விழுவது போலக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு வளர்வதில் ஒரு தொந்தரவு உண்டு. பூச்சிகளுக்கு எலும்பு வெளியே இருக்கிறது, தோல்தான் எலும்பு. தோல் ஓரளவுதான் விரியும், தலையை மூடிய ஓடோ கொஞ்சமும் விரியாது. அதனால் அவ்வப்போது பழைய தோலைக் கழற்றியாக வேண்டும். பட்டுப்புழு நான்கு முறை தோலுரிக்கிறது. அதன் புழு வாழ்க்கை ஐந்து பருவமாகப் பிரிகிறது.

தோலுரிப்பைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். முதலில் புழு இலையை விடுகிறது. கீழே கொஞ்சம் பட்டு இழையைப் பூசி, அதில் பின்கால்களை ஊன்றிக்கொண்டு, தலையையும் நெஞ்சையும் தூக்கி வைத்தபடி ஒரு நாள் அளவுக்கு ஆடாமல் அசையாமல் இருக்கும். தூங்குகிறது என்று தோன்றும். ஆனால் உள்ளே கடும் வேலை. பழைய தோலுக்கு அடியில் மடிப்பு மடிப்பாகப் புதிய தோல் உருவாகிறது. பழைய தோலின் உட்பகுதியைக் கரைத்து மறுபடி உறிஞ்சிக்கொள்கிறது. பழைய தலைக்குப் பின்னால், கழுத்துப் பக்கத்தில், புதிய பெரிய தலை புடைத்துத் தெரியும். அப்புறம் தோல் வெடித்து, புழு முன்னோக்கி நெளிந்து வெளியே வருகிறது. பழைய தலையின் ஓடு முகமூடியைப் போல முன்னால் கழன்று விழுகிறது. வளர்ப்பவர்கள் இந்த நேரத்தில் இலை போடுவதை நிறுத்தி, படுக்கையில் சுண்ணாம்புத் தூளைத் தூவுவார்கள். ஈரம் காயும், முதலில் தோலுரித்த புழு மற்றவற்றை முந்திக்கொண்டு தின்னத் தொடங்காது, எல்லாம் ஒரே சீராக அடுத்த பருவத்துக்குப் போகும்.

சரி, நான்கு முறை தோலுரித்தபோதும் உள்ளேயிருந்து வந்தது புழுதான். ஐந்தாவது முறை மட்டும் ஏன் கூட்டுப்புழு வருகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட அரை நூற்றாண்டு ஆயிற்று. போலந்தைச் சேர்ந்த ஸ்டெஃபான் கோபெச் 1917 முதல் 1922 வரை வெளியிட்ட ஆய்வுகளில், கம்பளிப்பூச்சியின் மூளையைக் குறிப்பிட்ட நாளுக்கு முன் எடுத்துவிட்டால் அது கூட்டுப்புழு ஆவதில்லை, பிறகு எடுத்தால் ஆகிவிடுகிறது என்று காட்டினார். மூளையிலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து போகிறது என்று பொருள். ஜப்பானில் சோயிச்சி ஃபுகுடா 1940களில் பட்டுப்புழுவின் நெஞ்சுப் பகுதியில் உள்ள சுரப்பிதான் தோலுரிக்கச் சொல்கிறது என்று கண்டார். மூளை அந்தச் சுரப்பியைத் தூண்டுகிறது. சுரப்பி தோலுரிப்பு ஹார்மோனை விடுகிறது. ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டெனான்ட்டும் பீட்டர் கார்ல்சனும் 1954இல் அந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள்: 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவிலிருந்து 25 மில்லிகிராம் படிகம். அதற்கு எக்டைசோன் என்று பெயர்.

ஆனால் எக்டைசோன் ‘தோலை உரி’ என்று மட்டும்தான் சொல்கிறது. உரித்த பிறகு என்னவாக வேண்டும் என்று சொல்வது வேறொன்று. பிரான்சில் பூனியோல் 1938இல் இளம் பட்டுப்புழுக்களின் மூளைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு குட்டிச் சுரப்பிகளை எடுத்துவிட்டுப் பார்த்தார். ஐந்தாம் பருவம் வரை காத்திருக்காமல் அந்தச் சின்னப் புழுக்கள் முன்கூட்டியே கூடுகட்டி, குட்டிக் குட்டிக் கூட்டுப்புழுக்களாகி, குட்டி அந்துப்பூச்சிகளாகவும் வந்தன. இங்கிலாந்தில் வின்சென்ட் விக்கிள்ஸ்வொர்த் ரத்தம் குடிக்கும் ஒரு மூட்டைப்பூச்சி வகையை வைத்து இதே முடிவுக்கு வந்திருந்தார். அந்தச் சுரப்பி விடுவது இளமை ஹார்மோன். அது ரத்தத்தில் இருக்கும்போது எக்டைசோன் வந்தால், புழு தோலுரித்துப் பெரிய புழுவாகும். அது இல்லாதபோது எக்டைசோன் வந்தால், புழு கூட்டுப்புழுவாகும்.

பூச்சியியல் முழுக்கத் தேடினாலும் இதைவிட அழகான கண்டுபிடிப்பு எனக்குத் தெரியவில்லை. ‘மாறு’ என்று யாரும் புழுவுக்குக் கட்டளை போடுவதில்லை. ‘மாறாதே’ என்று சொல்லிக்கொண்டிருந்த குரல் நின்றுபோகிறது, அவ்வளவுதான்.

அது எப்போது நிற்க வேண்டும் என்று உடம்புக்கு எப்படித் தெரியும்? நாள் கணக்கு அல்ல, எடைக் கணக்கு. அமெரிக்காவில் புகையிலைச் செடியைத் தின்னும் பெரிய கம்பளிப்பூச்சியை வைத்து ஃபிரெடரிக் நிஜவுட்டும் கேரல் வில்லியம்ஸும் 1974இல் இதைத் தெளிவாக்கினார்கள். கடைசிப் பருவத்தில் புழு ஒரு குறிப்பிட்ட எடையைத் தாண்டியதும் இளமை ஹார்மோன் நின்றுவிடும். அதற்குப் பிறகு பட்டினி போட்டாலும் மாற்றம் நிற்காது. குறித்த நேரத்தில் கூட்டுப்புழுவாகும், ஆனால் சிறியதாக இருக்கும். பட்டு விவசாயிகளுக்கும் இதை ஒத்த அனுபவம் உண்டு. கடைசி நாட்களில் இலை பற்றாமல் போனால் புழு காத்திருக்காது; மெல்லிய, எடை குறைந்த கூட்டைக் கட்டிவிட்டுப் போய்விடும். அங்காடியில் அந்தக் கூட்டுக்கு என்ன விலை கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இளமை ஹார்மோனைப் பற்றிய ஒரு சம்பவத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 1960களின் நடுவில் பிராகிலிருந்து கேரெல் ஸ்லாமா என்ற ஆய்வாளர் தான் வளர்த்துவந்த சிவப்புப் பூச்சிகளை எடுத்துக்கொண்டு ஹார்வர்டில் வில்லியம்ஸின் ஆய்வகத்துக்கு வந்தார். ஊரில் ஒழுங்காக முதிர்ந்த பூச்சிகள் அங்கே முதிரவே இல்லை. ஐந்தாம் பருவத்துக்குப் பிறகு முழுப்பூச்சியாக வேண்டியவை, தோலுரித்து ஆறாம் பருவத்திலும் குஞ்சாகவே இருந்து, கடைசியில் செத்தன. தண்ணீர், வெளிச்சம், தீனி என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுப் பார்த்து, கடைசியில் வளர்ப்புக் குடுவையில் போட்டிருந்த காகிதத் துவாலையில் வந்து நின்றார்கள். அமெரிக்கக் காகிதம்! ‘நியூயார்க் டைம்ஸ்’ தாளைப் போட்டாலும் பூச்சி முதிரவில்லை. லண்டன் ‘டைம்ஸ்’ தாளைப் போட்டால் முதிர்ந்தது. அமெரிக்கத் தாளுக்குப் பயன்பட்ட பால்சம் ஃபர் என்ற மரம் இளமை ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் ஒரு பொருளைத் தன் கட்டையில் வைத்திருக்கிறது. கூழாக்கி, தாளாக்கி, அச்சடித்த பிறகும் அது அழியவில்லை. தன்னைத் தாக்கும் பூச்சிகளை முதிரவிடாமல், முட்டையிடவிடாமல் செய்யும் வழியை மரம் கண்டுவைத்திருக்கிறது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மறுபடி மனைக்குள் வருவோம். ஐந்தாம் பருவத்தின் முடிவில் புழு தின்பதை நிறுத்துகிறது. வயிற்றில் இருப்பதையெல்லாம் கழித்துவிடுகிறது. உடம்பு சற்றுச் சுருங்கி, வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே ஊடுருவித் தெரியும். தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு ஏறுவதற்கு இடம் தேடும். இதைப் பொறுக்கி, கூடு கட்டுவதற்கென்றே செய்த மூங்கில் சந்திரிகையிலோ பிளாஸ்டிக் நெட்ரிகாவிலோ விடுகிறார்கள். உடம்பு எடையில் கால்பங்குக்கும் மேல் இப்போது பட்டுச் சுரப்பிதான். இரண்டு மூன்று நாள் தலையை எட்டு வடிவத்தில் வீசி வீசி, வெண்பட்டு வகையென்றால் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஒரே இழையைத் தன்னைச் சுற்றிப் போடுகிறது.

உள்ளே புழு கரைந்து கூழாகி, அந்தக் கூழிலிருந்து புதிதாக ஒரு பூச்சி உருவாகிறது என்று பலரும் எழுதுகிறார்கள். இணையத்தில் பரவிய காணொளிகளிலும் இதையே சொல்கிறார்கள். இது பாதி உண்மை, அந்தப் பாதியும் தவறான எண்ணத்தைத் தருகிறது. புழுவின் உடம்பில் அழியும் பகுதிகள் நிச்சயம் உண்டு. நூற்று முடித்த பட்டுச் சுரப்பியின் செல்கள் திட்டமிட்டபடி தாமே சாகின்றன. நடப்பதற்கான பல தசைகளும் அழிகின்றன. ஆனால் எல்லாம் கரைவதில்லை. மூச்சுக் குழாய்கள் இருக்கின்றன, நரம்பு மண்டலம் இருக்கிறது, இதயம் இருக்கிறது. அவை திருத்தி அமைக்கப்படுகின்றன. 2013இல் இங்கிலாந்தில் உயிருள்ள கூட்டுப்புழுக்களை நாள்தோறும் எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, பெரிய மூச்சுக் குழாய்கள் தொடக்கத்திலேயே தெளிவாகத் தெரிந்தன.

அழிந்ததற்குப் பதிலாக வருவதும் புதிதாக முளைப்பதல்ல. இறக்கையாகப் போகும் செல்கள் புழு சின்னதாக இருக்கும்போதே தோலுக்கு அடியில் சிறு தட்டுகளாக மடிந்து கிடக்கின்றன. இதை முதலில் பார்த்தவர் நுண்ணோக்கிக்கார ஜான் ஸ்வாமர்டாம். 1660களின் இறுதியிலேயே நெதர்லாந்தில் கம்பளிப்பூச்சியை அறுத்து உள்ளே இறக்கையின் தொடக்கத்தைக் காட்டினார். புழு செத்து வேறோர் உயிர் பிறக்கிறது என்று அதுவரை ஐரோப்பாவில் நம்பிவந்தார்கள். ஒரே உயிர்தான் என்று சொல்ல அந்த ஒரு அறுவை போதுமானதாக இருந்தது. பழ ஈயில் செய்த பிற்கால ஆய்வுகள் இதை மரபணு வரைக்கும் கொண்டுபோயிருக்கின்றன: புழுவாக இருக்க ஒரு மரபணு, கூட்டுப்புழுவாக இருக்க ஒன்று, முழுப்பூச்சியாக இருக்க ஒன்று என்று மூன்று முதன்மை மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொறுப்பேற்கின்றன.

கரைந்து போகவில்லை என்பதற்கு நினைவும் ஒரு சாட்சி. 2008இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில், அதே புகையிலைக் கம்பளிப்பூச்சிகளுக்கு ஒரு வாசனையைக் காட்டும்போதெல்லாம் லேசாக மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். புழுக்கள் அந்த வாசனையைக் கண்டால் ஒதுங்கப் பழகின. கடைசிப் பருவத்தில் பழகிய புழுக்கள் அந்துப்பூச்சியாகி வெளியே வந்த பிறகும் அந்த வாசனையை ஒதுக்கின. மூன்றாம் பருவத்திலேயே பழகியவற்றுக்கு அது நினைவில் நிற்கவில்லை. கடைசிப் பருவத்தில் வளரும் மூளைப் பகுதி உருமாற்றத்தைத் தாண்டி நிலைக்கிறது என்பதே இதற்கு அவர்கள் தரும் விளக்கம்.

வெளியே வரும் பட்டு அந்துப்பூச்சி எதையும் தின்னாது. வாய் அதற்கு உதவாது. மனிதனிடம் பல்லாயிரம் ஆண்டு வளர்ந்ததில் பறக்கவும் மறந்துவிட்டது. சேர்ந்து, நானூறு ஐந்நூறு முட்டை இட்டுச் சில நாளில் சாகிறது. விளைச்சலுக்காக வளர்க்கும் கூடுகள் இந்தக் கட்டத்துக்கு வருவதில்லை; பூச்சி துளைத்து வெளியே வந்தால் இழை அறுந்துவிடும் என்பதால் அதற்கு முன்பே சூடேற்றிக் கூட்டுப்புழுவைக் கொன்றுவிடுகிறார்கள். பட்டு உடுத்துகிறவர்கள் இதைத் தெரிந்தே உடுத்த வேண்டும் என்று நினைக்கிறேன்.

தின்பதும் வளர்வதும் ஓர் உடம்பின் வேலை, துணை தேடுவதும் முட்டையிடுவதும் இன்னோர் உடம்பின் வேலை என்று பிரித்துக்கொண்டதுதான் முழு உருமாற்றத்தின் பலம். வெட்டுக்கிளியும் கரப்பானும் அப்படிப் பிரிக்கவில்லை; அவற்றின் குஞ்சு இறக்கையில்லாத சின்ன வெட்டுக்கிளி, சின்ன கரப்பான்தான். அவை ஒரே உணவுக்குப் பெரியவற்றோடு போட்டியிட வேண்டும். புழுவுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் அந்தச் சண்டை இல்லை. இன்று அறியப்பட்ட பூச்சியினங்களில் பத்தில் எட்டுக்கும் மேல் முழு உருமாற்றம் அடைபவை. முழுப்பூச்சி ஆனபின் வளர்ச்சி முடிந்தது. வீட்டில் பறக்கும் சின்ன ஈ, பெரிய ஈயின் குட்டி அல்ல. அது வேறு இனமாகவோ, புழுவாக இருந்தபோது சரியாகத் தின்னாததாகவோ இருக்கும்.

இத்தனை நுட்பமான கணக்கு என்றால் அதில் கைவைக்க வருபவர்களும் இருப்பார்கள். பட்டுப்புழுவைத் தாக்கும் பால்புழு நோய் ஒரு வைரஸால் வருவது. அந்த வைரஸ் குடும்பத்திடம் எக்டைசோனைச் செயலிழக்கச் செய்யும் ஒரு மரபணு இருக்கிறது. 1989இல் அமெரிக்காவில் டேவிட் ஓ’ரெய்லியும் லோயிஸ் மில்லரும் இதைக் கண்டுபிடித்தார்கள். புழு தோலுரிக்காமல் தின்றுகொண்டே இருந்தால், வைரஸ் பெருகவும் இடம் பெருகும்! மனிதர்களும் இதே இடத்தில்தான் கைவைத்தார்கள். கொசு ஒழிப்பில் பயன்படும் மெத்தோபிரீன் இளமை ஹார்மோனைப் போன்றது. தண்ணீரில் கலந்தால் கொசுப்புழு முழுக் கொசுவாக முடியாமல் சாகிறது. இதே வகைப் பொருளை மிகச் சிறிய அளவில் பட்டுப்புழுவுக்குக் கொடுத்தால், தின்னும் நாள் நீண்டு கூடு பெரிதாகும். நேர்மாறான வேலைக்கு மைசூரில் உள்ள மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘சம்பூர்ணா’ இருக்கிறது. செடிகளிலிருந்து எடுத்த எக்டைசோன் வகைப் பொருள் அது. சில புழுக்கள் முதிரத் தொடங்கியதும் இலையில் தெளித்துக் கொடுத்தால், மற்றவையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கூடுகட்ட வரும். ஆள் கூலி மிச்சமாகும்.

தவளையிடம் வந்தால் கணக்கு தலைகீழாகிறது. அங்கே தடை விலகுவது முக்கியமல்ல. கட்டளை வந்தாக வேண்டும். 1912இல் ஃபிரெடரிக் குடெர்நாச் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டு சுரப்பியைத் தின்னக் கொடுத்தார். அவை அவசர அவசரமாக மாறி, ஈ அளவுத் தவளைகளாயின. சில ஆண்டு கழித்து பென்னெட் ஆலன் தலைப்பிரட்டையின் தைராய்டை எடுத்துவிட்டார். அவை பெருத்துக்கொண்டே போனதோடு சரி, தவளையாகவே இல்லை. ஒரே தைராய்டு ஹார்மோன் காலை முளைக்கச் சொல்கிறது, வாலைச் சாகச் சொல்கிறது, பாசி மேய்ந்த நீண்ட குடலைச் சுருக்கி ஊன் தின்னும் குட்டைக் குடலாக்குகிறது. நம் தொண்டையில் இருக்கும் சுரப்பி விடுவதும் அதே ஹார்மோன்தான்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் தலைப்பிரட்டைப் பருவம் பல வடிவம் எடுத்திருக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்குள் வாழும் மூக்கன் தவளையின் தலைப்பிரட்டைகள், பாய்ந்து விழும் ஓடைப் பாறையில் வாயாலேயே ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. அந்த வகையில் இரண்டாவது இனம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலையிலிருந்து 2017இல் அறிவிக்கப்பட்டது. அதே மலைகளிலும் இலங்கையின் ஈரக்காடுகளிலும் வாழும் புதர்த் தவளைகளோ குளத்துப் பக்கமே போவதில்லை. இலையிலோ ஈர மண்ணிலோ முட்டையிடும். முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையே வரும்.

அப்படியென்றால் அவை உருமாற்றத்தைக் கைவிட்டுவிட்டனவா? போர்ட்டோ ரிக்கோவில் இதே போல நேராகத் தவளையாகப் பிறக்கும் கோக்கி என்ற இனத்தை வைத்து எலிசபெத் கால்லரியும் ரிச்சர்ட் எலின்சனும் 2000இல் இதைச் சோதித்தார்கள். முட்டைக்குள் தைராய்டு ஹார்மோன் உருவாகாதபடி தடுத்தபோது வளர்ச்சி பாதியில் நின்றது. வெளியிலிருந்து ஹார்மோனைச் சேர்த்ததும் மறுபடி தொடர்ந்தது. நீரில் நீந்தும் பருவம் போய்விட்டது, ஆனால் உருமாற்றம் போகவில்லை. முட்டைக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது.